கடைசி முந்நூற்று நாற்பது மீட்டர்

உங்களைக் கடைசியாகத்தான் நிறுத்துவேன், மாமா. மற்ற நூற்று நாற்பத்திரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியே இல்லையென்று ஆன பிறகுதான் உங்களிடம் வருவேன். தப்பு உங்கள் மேல் இருக்காது. இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கிற ஆளாக நான் இருக்க மாட்டேன்.

ரேணுகா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அறையில் மகள் மிதுனா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பதினொன்றரை மணிக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காலை இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் டைட்டன், சனிக் கோளின் நிலா. ஆரஞ்சு மூட்டத்துக்கு நடுவே, தரைக்கு மேல் முந்நூற்று நாற்பது மீட்டரில் ஒரு விண்கலம் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்வதுகூடத் தவறு. விளையாட்டே உறைந்துவிட்டிருந்தது. உயரம் காட்டும் எண், எரிபொருள் பட்டை, மூட்டம், எதிலும் அசைவில்லை. ஏழாவது ஞாயிறாக அதே இடம்.

"மறுபடியுமா?" என்றாள் மிதுனா.

"ம்."

"எத்தன எடுத்துட்டுப் பாத்த?"

"இந்தப் பக்கத்துப் பாதி. எழுவத்தொண்ணு."

"அந்தப் பக்கத்துப் பாதி எடுத்தப்பவும் இங்கதான நின்னுச்சு? அப்பறம் எதுக்கும்மா மறுபடியும் மறுபடியும்..." மிதுனா முடிக்காமல் சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

ரேணுகாவின் கணவர் திருமூர்த்தி பதினோரு வருடம் இந்த விண்கல விளையாட்டை விளையாடியவர். கடையில் வாங்கியபோது அது எளிமையானதாகத்தான் இருந்தது. ராக்கெட் கட்டலாம், ஏவலாம், விழுந்து நொறுங்கலாம். உலகமெங்கும் அதை விளையாடுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதி அதன்மேல் ஒட்டிக்கொண்டே போனார்கள். அந்தத் துணைநிரல்களை மோட் என்பார்கள். ஒன்று உண்மையான காற்றழுத்தத்தைக் கொண்டுவரும். இன்னொன்று கோள்களுக்கு மேகம் போடும். திருமூர்த்தியின் கணினியில் அப்படி நூற்று நாற்பத்துமூன்று இருந்தன. பல ஊர் ஆட்கள் சுவர் எழுப்பிய வீடு மாதிரி, ஒன்று இன்னொன்றின்மேல் சாய்ந்துகொண்டு எப்படியோ நின்றது. எதாவது ஒன்று சரிந்தால் மொத்தமும் உறைந்துவிடும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. பாதியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாகிவிட்டால் தப்பு அந்தப் பாதியில். பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. ரேணுகாவுக்கு இது புதிதில்லை. தடாகம் சாலையில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினேழு வருடமாகத் தரச்சோதனை செய்கிறாள். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் இப்படித்தான் கண்டுபிடிப்பாள்.

ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். எல்லாம் ஏறி நிற்கவே பதினெட்டு நிமிடம். பிறகு சேமித்துவைத்த இடத்திலிருந்து மூட்டத்துக்குள் இறங்க வேண்டும். விளையாடுகிறவர்களின் இணையக் குழுவில் கேட்டுப் பார்த்தாள். "டைட்டன்ல மீத்தேன் மழைங்க்கா, கொடை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று ஒருவன் எழுதினான். "நூத்தி நாப்பத்துமூணு மோடா? கம்ப்யூட்டர் உசுரோட இருக்கறதே பெரிசு" என்றான் இன்னொருவன்.

இந்தத் தேடலில் திருமூர்த்தி ஒளித்துவைத்திருந்த விளையாட்டுத்தனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு கலங்கள் இணையும்போது பொள்ளாச்சி தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரனை அடிக்க ஒரு மோட். செவ்வாயில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சு வைக்க ஒரு மோட். ஹாரன் சத்தத்தைக் கேட்டு மிதுனா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு இந்த அறையில் அவள் சிரித்து ரேணுகா கேட்டதில்லை.

"அம்மா." மிதுனா தட்டைக் கீழே வைத்தாள். "கம்பெனில பம்பு ஒழுகுனா இப்படித்தான் ஒரு வாஷர மட்டும் தொடாம விட்டுட்டு மத்ததெல்லாம் கழட்டிட்டு இருப்பியா?"

ரேணுகா அடுத்த பாதியின் பட்டியலைத் திறந்தாள்.

"அந்தக் கைப்பழக்கம் மோட இதுவரைக்கும் ஒரு தடவகூட நீ நிறுத்தல. நான் பாத்துட்டேதான் இருக்கறேன்."

"அத நிறுத்துனா கப்பல் கல்லு மாதிரி விழுந்துரும். உங்கப்பா எல்லா லீவரையும் அதோடதான் கோத்து வச்சிருக்கறாரு."

"விழட்டும்மா. சோதனைக்குத்தான? சேவ் இருக்குதில்ல?"

இருந்தது. முதல் ஞாயிறே செய்திருக்க வேண்டியது. இரண்டு பாதிகளை மாற்றி மாற்றி எடுத்தும் ஒழுகல் நிற்கவில்லை என்றால், எடுக்காத ஒன்றில்தான் கோளாறு என்பது கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். ரேணுகாவுக்கு அது முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. மற்ற ஆறு ஞாயிறுகளையும் தெரியாதவளாக இருந்து கழித்தாள். அவ்வளவுதான்.

கைப்பழக்கம் என்பது அந்தத் துணைநிரலின் பெயர். யாழ்ப்பாணத்தில் கஜரூபன் என்ற இளைஞன் எழுதியது. அது பேசாது. அதற்கு முகமும் இல்லை. விளையாடுகிறவரின் கை எந்த நேரத்தில் எந்த லீவரை எவ்வளவு நகர்த்துகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் எழுந்து போனால் அவர் கை மாதிரியே தானாக ஓட்டும். நீண்ட பயணங்களுக்காகத்தான் திருமூர்த்தி அதைப் போட்டிருந்தார். அவர் உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவர். வேலைக்குப் போகும் நாட்களில் கப்பலை அதன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவார்.

அப்படி ஒரு நாள், ஏற வேண்டிய காற்றாலையின் அடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்துமூன்று வயது. மேலே ஏறுவதற்கான பெல்ட்டைக்கூட இன்னும் மாட்டியிருக்கவில்லையாம்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, கணினியை அணைக்கலாம் என்று ரேணுகா இந்த அறைக்கு வந்தாள். திரையில் லீவர் தானாக நகர்ந்தது. எஞ்சினைப் பற்றவைப்பதற்கு முன்னால் கப்பல் மெதுவாகத் திரும்பி, தன் ஜன்னலைப் பூமியின் பக்கம் காட்டிவிட்டு, பிறகு திரும்பிக்கொண்டது. தேவையே இல்லாத திருப்பம். எரிபொருள் வீண். முன்பொரு முறை அவள் இதைக் கேட்டபோது, "கெளம்பறப்ப வீட்டப் பாக்காம எப்படிப் புள்ள போறது?" என்றார் அவர்.

அவள் அணைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதன் பிறகு இரண்டு வருடம், கம்பெனி விட்டு வந்ததும் அரை மணி நேரம், ஞாயிறுகளில் அரை நாள். கப்பல் டைட்டனுக்குப் போகும் வழியில் பாதை திருத்த வேண்டிய இடங்கள் வரும். அவர் கை திருத்துவதைப் பார்ப்பாள். சில சமயம் ஆபத்தாகத் தோன்றினால் தானும் ஒரு கை கொடுப்பாள். போகப் போகத் தைரியம் வந்து சின்னக் கலங்களை ஏவினாள், நிலாவைச் சுற்றினாள், அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு. இறக்குவதை மட்டும் அவள் தொட்டதேயில்லை. அது அவர் வேலை.

போன தீபாவளி சமயம் ஒன்று நடந்தது. ஒரு சின்ன நிலாவை நெருங்கும்போது, வழக்கமாகக் கடைசி நொடிவரை காத்திருக்கும் அவர் கை, வெகு முன்னாலேயே மெல்ல பிரேக் போட்டது. ரேணுகா அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இருபது வருடத்தில் முதல் முறையாக அவர் தன் பேச்சைக் கேட்டார் என்று.

இப்போது கைப்பழக்கத்தை நிறுத்தினாள். கப்பல் முந்நூற்று நாற்பது மீட்டரைத் தாண்டி, உறையாமல், தடங்கலில்லாமல், நேராக விழுந்தது. தரை தொடும் முன்பே ரேணுகா திரையை மூடினாள்.

"அந்த அண்ணனுக்கு எழுதும்மா" என்றாள் மிதுனா, சின்னக் குரலில்.

கஜரூபன் அடுத்த ஞாயிறு மதியம் அழைத்தான். இடைப்பட்ட நாட்களில் சேவ் கோப்புகளோடு அவள் அனுப்பிய பதிவுக் கோப்பை வரி வரியாகப் படித்திருந்தான். மிதுனா போனை மேசைமேல் சாய்த்துவைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சாப்பிட்டாச்சோ?"

"ஆச்சுங்க தம்பி. சொல்லுங்க."

"இதில ஒரு விஷயம் வடிவா எழுதிக் கிடக்குது. முந்நூற்று நாப்பது மீட்டர் வந்த உடன கைப்பழக்கம் 'பிரேக் பிடி' எண்டு சொல்லுது. அடுத்த கணமே 'இப்ப வேண்டாம்' எண்டுது. திரும்பவும் பிடி. திரும்பவும் வேண்டாம். ஒரு செக்கனுக்கு அறுபது தரம். முடிவெடுக்க ஏலாமல் அடிபட்டு அடிபட்டுத்தான் எல்லாம் உறைஞ்சு போகுது."

"ரெண்டு மனசா இருக்குதுங்களாண்ணா?" என்றாள் மிதுனா.

"ஓம் தங்கச்சி, அதேதான். ஆனா அதுதான் எனக்கு விளங்கேல்ல. ஒரு ஆள் விளையாடினா ஒரு மனம்தானே இருக்கோணும்? இதில முன்னுக்கே பிரேக் பிடிக்கிற ஒரு கை இருக்கு. கடைசி மட்டும் பிடிக்காத இன்னொரு கையும் இருக்கு." அவன் நிறுத்தினான். "அக்கா, அவருக்குப் பிறகு இதில வேற ஆரும் விளையாடினவையோ?"

"நாந்தானுங்க."

"கைப்பழக்கத்தை ஓட விட்டுக்கொண்டோ?"

"ஆமாங்க. அவரு ஓட்டறதப் பாக்கத்தான..."

"படிக்கிற சுவிட்சை நிப்பாட்டினனீங்கள்தானே?"

ரேணுகா மிதுனாவைப் பார்த்தாள். மிதுனாவுக்கும் தெரியவில்லை.

"அது என்ன சுவிட்சுங்க?"

மறுமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கோ கடந்து போனது.

"என்ர பிழை அக்கா" என்றான் கஜரூபன். "அதைப் பெரிசா எழுதி வச்சிருக்கோணும். ஒரே ஆள்தான் விளையாடுவார் எண்டு நினைச்சிட்டன். அது... ஆர் கை வச்சாலும் படிக்கும். புதுசாப் படிச்சதுக்குத்தான் கூட மதிப்புக் குடுக்கும். மனுசர் பழக்கம் மாறும்தானே, அதுக்காக அப்பிடி எழுதினனான்."

"அப்படின்னா?"

"நீங்கள் ரெண்டு வருசம் பக்கத்தில இருந்து ஓட்டியிருக்கிறியள். ஒவ்வொரு தரமும் உங்கட கையை அது படிச்சுக்கொண்டே வந்திருக்கு. பழசு தேஞ்சுகொண்டே போயிருக்கு."

"இப்ப எவ்வளவு இருக்குதுங்க?"

"அக்கா..."

"சொல்லுங்க தம்பி. நான் மீட்டர் பாக்கற வேலைல இருக்கறவ. நம்பரச் சொல்லிட்டாத் தாங்கிக்குவேன்."

"உங்கட கை தொண்ணூத்தொரு வீதம். அவரின்ர கை ஒன்பது."

ரேணுகா தலையசைத்தாள், அவனுக்குத் தெரியாது என்பதை மறந்து. பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். டம்ளரை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து பொள்ளாச்சி சாலையில் எத்தனை முறை அவர் தோளைக் கிள்ளியிருக்கிறாள்! முன்னால் லாரி தெரியும்போதே, "பிரேக்கப் புடிங்க மாமா, புடிங்க" என்பாள். "இன்னும் நேரமிருக்குது புள்ள" என்பார். லாரிக்கு ஒரு முழம் முன்னால் போய்ப் பிடிப்பார். இருபது வருடம் இதே சண்டை. ஒரு நாளும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

தீபாவளி அன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. மெல்ல பிரேக் போட்டது அவர் கை இல்லை. அவளுடைய கை. தன் கையைப் பார்த்துத் தானே அழுதிருக்கிறாள். அவரோடு இருப்பதாக நினைத்து உட்கார்ந்த ஒவ்வொரு மாலையும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாசத்தோடு, தவறாமல், ஒரு நாள்கூட விடாமல். வராமலே இருந்திருந்தால் முழுசாக இருந்திருப்பார்.

யாரிடம் இதைச் சொல்வது? மனிதர்களுக்கும் இது இப்படித்தான் நடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அடிக்கடி நினைத்துக்கொள்கிற முகம்தான் சீக்கிரம் மங்குகிறது. நினைக்கிறவர் தன் முகத்தை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிவிடுகிறார். ஆனால் மனசுக்குள் நடப்பதற்குச் சதவீதம் தெரியாது. அந்த மட்டில் அது கருணை.

அவள் திரும்பி வந்தபோது மிதுனா போனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"பழைய பேக்கப் எதாவது இருக்குமில்லீங்ணா?"

"கடைசிப் பத்தைத்தான் வச்சிருக்கும் தங்கச்சி. பத்தும் இந்த மாசத்துது."

"சரி, அம்மாவோடத மட்டும் எடுத்துட்டு அப்பாவ விட்டுட்டா?"

"செய்து பாத்திட்டன். என்ர மெசினில உங்கட கப்பலை விட்டுப் பாத்தனான்." குரல் தயங்கியது. "அவர் பிடிக்கத் தொடங்கினவர். சரியான இடத்தில தொடங்கினவர். ஆனா ஒன்பது வீதம் காணாது. பாதியில கை விட்டிட்டுது. கப்பல் தரையில குத்திட்டுது."

மிதுனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேனுங்க தம்பி" என்றாள் ரேணுகா. "ஒம்பது பர்சென்ட்டுதான் இருக்கறாருன்னா, எல்லா எடத்துலயும் நாந்தான ஜெயிக்கோணும்? இந்த எடத்துல மட்டும் ஏன் சண்ட வருது?"

"நல்ல கேள்வி அக்கா. நானும் அதைத்தான் தேடினனான். நீங்கள் ஏவியிருக்கிறியள், திருப்பியிருக்கிறியள், சுத்தியிருக்கிறியள். இறக்கினதே இல்ல. சரியோ?"

"ஆமாங்க. பயம்."

"அவர் அறுநூறு தரத்துக்கு மேல இறக்கியிருக்கிறார். அந்த இடத்தில உங்கட கை முழுசாப் போய்ச் சேரேல்ல. மற்ற இடமெல்லாம் நீங்கள்தான். அவர் மிச்சமிருக்கிறதே அந்தக் கடைசி முந்நூற்று நாப்பது மீட்டரிலதான்."

ரேணுகா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இதச் சரிபண்ண முடியாதுங்களா?" ரேணுகா கேட்டாள்.

"ஏலும். அதுக்குத்தான் கோல் எடுத்தனான். அந்த ஒன்பதை எடுத்துவிட்டா அடிபாடு இல்ல. உங்கட கை ஒண்டாலயே இறங்கும். நாலு தரம் விட்டுப் பாத்திட்டன். பஞ்சில வச்ச மாதிரி இறங்கிச்சுது, அக்கா. சத்தியமா, நல்ல கை உங்கட."

"என்னோட கைன்னு மட்டுந்தான் இருக்கும்?"

"ஓம்."

மிதுனா அம்மாவின் நாற்காலிக் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தாள். ஜூன் மாதம் அவள் கல்லூரிக்குச் சென்னைக்குப் போகிறாள். விடுதியில் இடமும் கிடைத்துவிட்டது. கப்பலின் பெயர் மிதுனா-நான்கு. ஏவிய அன்று, ஒன்பதாவது படிக்கிற மகளைத் தூக்கிச் சுற்றி, "நீ காலேஜு போறதுக்குள்ள நாம டைட்டன்ல எறங்கிருவோம், பாரு" என்று சொன்னவர் அவளுடைய அப்பா.

"பண்ணிறலாம்மா" என்றாள்.

மிதுனா அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"அவரு எறங்கோணும்னுதான அனுப்புனாரு? வெளையாட்டுக் கணக்குல ஏழு வருசப் பயணம்மா அது. முந்நூத்தி நாப்பது மீட்டர்ல வந்து நின்னா யாருக்கு என்ன பிரயோஜனம்? கப்பல் எறங்கிட்டா அப்பா ஆசப்பட்டது நடந்துரும். யாரு கைன்னு யாரும்மா பாக்கறாங்க?"

"நாம பாக்கறமே."

"நான் பாக்கல. எனக்கு எறங்குனாப் போதும்." குரல் உடைந்தது. "நான் போயிட்டா நீ மட்டும் இங்க உக்காந்து இந்த நின்னுபோன படத்தையே பாத்துட்டு இருப்ப. அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது. முடிச்சுட்டு வாம்மா. ப்ளீஸ்."

மகள் சொல்வதில் தவறே இல்லை என்று ரேணுகா நினைத்தாள். அவரைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். ஒன்பது என்ன புள்ள ஒன்பது, தூக்கிப் போடு, எறக்கு என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்திருப்பார். தன் கையைப் பற்றி அவருக்கு எந்தப் பெருமையும் இருந்ததில்லை.

ஆனால் அவருடைய ஆசை வேறு, அவர் வேறு. ஆசையை யார் வேண்டுமானாலும் நிறைவேற்றலாம்.

அவள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த முதுகு குலுங்குவது நிற்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, அந்தப் படிக்கற சுவிட்சு எங்க இருக்குதுங்க?"

அவன் சொன்னான். மூன்று பட்டியல்களுக்கு அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. ரேணுகா கண்ணாடியை மேலேற்றி, படித்து, அதை அணைத்தாள்.

"நிறுத்தீட்டனுங்க."

"நல்லது அக்கா. இனி அது ஒண்டும் புதுசாப் படிக்காது." கஜரூபன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அப்ப அந்த ஒன்பதை எடுத்துவிடட்டே? நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும். பின்னேரத்துக்குள்ள புது ஃபைல் அனுப்பிடுவன். இண்டைக்கே இறக்கிப் போடலாம்."

மிதுனா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாங்க தம்பி" என்றாள் ரேணுகா. "எறங்க வேண்டாம்."